கணிப்பொறியும் காப்பு மின்சாரமும்

மின்சாரம் நம் இல்லங்களிற் புகுந்த நாள்முதலாக அதனைக் காற்றையும் நீரையும் போல இயல்பாகக் கிடைக்கும் பொருளாகவே நாம் எண்ணி வருகின்றோம். அஃது இருக்கும்பொழுது அதனைப்பற்றி நினைப்பாரில்லை. இல்லாதொழிந்த கணத்திலேதான் அதன் அருமை புலனாகின்றது. விளக்கு அணைந்தால் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொள்ளலாம். மின்விசிறி நின்றால் ஓலை விசிறியைக் கையிலெடுக்கலாம். மின்சாரம் மீண்டவுடன் விளக்கும் விசிறியும் விட்ட இடத்திலிருந்து தம் தொழிலைத் தொடங்கிவிடும். கணிப்பொறியோ அத்தகையதன்று. மின்சாரம் நின்ற அக்கணத்தில் அதன் தற்காலிக நினைவகத்தில் இருந்தவை யாவும், பலகையில் எழுதியதை ஈரத்துணியால் துடைத்தாற்போல, அழிந்துபோகின்றன. சேமிக்கப்படாத பக்கம் மின்சாரம் மீண்டாலும் மீள்வதில்லை. எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் அறுபட்ட கோப்பு சிற்சில வேளைகளில் திறக்கவும் மறுத்துவிடும்.

இத்துன்பத்தைத் தவிர்ப்பதற்கென்று அமைந்த கருவியே தடையிலா மின்வழங்கி. கடைத்தெருவில் யாவரும் இதனை யூ.பி.எஸ். என்றே வழங்குவர், நாமும் அவ்வாறே வழங்குவோம். இதனைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் பேணும் முறையையும் நம் கல்லூரி மாணவர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்விஷயத்தில் யான் கற்ற பாடம் சற்று விலை மிகுந்தது. ஆதலின் அதனையே முதற்கண் கூறுகின்றேன்.

2012-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில், சிறப்பாகச் சென்னைக்கு வெளியே இருந்த மாவட்டங்களில், நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு நிலவியது. அதனைப் பழைய மாணவர்கள் மறந்திரார். இப்போதைய மாணவர்கள் தம் பெற்றோர் வாயிலாகக் கேட்டிருப்பர். அவ்வாண்டில் என் தமக்கையின் மகன் கல்லூரிக் கட்டுரையொன்றைக் கணிப்பொறியில் எழுதி, முடிவுரைக்கு வந்த தறுவாயில் மின்சாரம் நின்று, பதினொரு பக்கங்களை இழந்தான். மனம் பொறாது யானே கடைக்குச் சென்று ஒரு யூ.பி.எஸ். வாங்கி அவன் மேசையின்கீழ் வைத்து, “தம்பி, இனி நீ கவலையின்றி எழுதலாம்” என்று கூறி வந்தேன். தூசி படியாதிருக்கும் பொருட்டு என் தமக்கை அதன்மேல் ஒரு தடித்த துணியுறையும் தைத்துப் போர்த்தினாள். யானும் அதனைக் கண்டு மெச்சினேன்.

மூன்று கோடைகள் கழிந்தன. 2015-ஆம் ஆண்டில், மேற்படிப்புக்கான உதவித்தொகை ஒன்றிற்கு விண்ணப்பம் அனுப்பவேண்டிய கடைசி நாளிரவு அவன் அக்கணிப்பொறியின் முன் அமர்ந்திருந்தான். பதினொரு மணிக்கு மின்சாரம் நின்றது. அதனோடு கணிப்பொறியும் நின்றது. யூ.பி.எஸ். ஒருமுறை கீச்சென்று ஒலித்து அடங்கிவிட்டது. மின்சாரம் மீண்டபொழுது நள்ளிரவு கடந்து, விண்ணப்ப வாயிலும் அடைபட்டிருந்தது. விசாரித்ததில், சில வாரங்களாகவே அக்கருவி இடையிடையே ஒலியெழுப்பி வந்ததென்றும், எவரும் பொருட்படுத்தவில்லையென்றும் தெரிந்தது. உள்ளிருந்த பாட்டரி செத்துப்போயிருந்தது. குற்றம் அவனுடையதுமன்று, விற்றவருடையதுமன்று. “கவலையின்றி எழுதலாம்” என்று சொல்லிவிட்டு, அதன்பின் அக்கருவியைத் திரும்பியும் பாராத என்னுடையதே. அன்றுமுதல் இதனைப்பற்றி முறையாக அறியத் தலைப்பட்டேன்.

கருவியின் அமைப்பு

யூ.பி.எஸ். என்னும் பெட்டியினுள் நான்கு உறுப்புகள் உள. முதலாவது மின்னாற்றலைத் தேக்கி வைக்கும் பாட்டரி. இரண்டாவது அதற்கு மின்னேற்றும் பகுதி. மூன்றாவது பாட்டரியின் 12 வோல்ட் நேர் மின்னோட்டத்தை நம் வீட்டு மின்சாரத்தைப் போன்ற 230 வோல்ட் மாறு மின்னோட்டமாக மாற்றித் தரும் பகுதி. நான்காவது மின்சாரம் நின்ற கணத்தில் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றும் மாற்றுவிசை. இவற்றுள் பாட்டரி பெரும்பாலும் ஈயமும் கந்தகத் திராவகமும் கொண்டது. பிரான்சு தேசத்தவராகிய காஸ்டன் பிளாந்தே 1859-இல் இவ்வகையைக் கண்டறிந்தார். அவர் காலத்துப் பாட்டரியில் திராவகம் தளும்பும், யூ.பி.எஸ். பெட்டியில் உள்ளதோ திராவகம் சிந்தாதவாறு மூடி முத்திரையிடப்பட்டது. ஆயினும் உள்ளே நிகழும் ரசாயனச் செயல் இரண்டிற்கும் ஒன்றே.

கருவி எதற்காக?

கடைக்குச் செல்லுமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு. மின்சாரம் இல்லாத வேளையில் வேலையைத் தொடர வேண்டுமா, அன்றி வேலையைச் சேதமின்றி நிறுத்த வேண்டுமா? பலர் முன்னதை விரும்பி யூ.பி.எஸ். வாங்குகின்றனர், அக்கருவியோ பின்னதற்கென்றே செய்யப்பட்டது. எழுதியதைச் சேமித்து, திறந்த கோப்புகளை மூடி, கணிப்பொறியை முறையாக அணைக்க ஐந்து நிமிஷம் போதும். பத்து நிமிஷம் கிடைத்தால் அது தாராளம். மணிக்கணக்காய் வேலை நடக்க வேண்டுமாயின் அதற்கு வேறு வழி உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

மூன்று வகை

யூ.பி.எஸ். மூவகைப்படும். முதல்வகை ஆஃப்லைன் எனப்படுவது. மின்சாரம் இருக்கும்வரை அதனை அப்படியே கணிப்பொறிக்கு விட்டுவிட்டு, நின்றவுடன் பாட்டரிக்கு மாறும். இரண்டாம் வகை லைன் இன்டராக்டிவ். இது மின்னழுத்தம் தாழ்ந்தால் உயர்த்தியும், உயர்ந்தால் தாழ்த்தியும், பாட்டரியைத் தொடாமலே ஓரளவு சரிசெய்து கொடுக்கும். ஸ்டெபிலைசர் ஒன்று உள்ளேயே அமைந்தாற்போல என்று கொள்க. மூன்றாம் வகை ஆன்லைன். இதில் வரும் மின்சாரம் முழுவதும் முதலில் நேர் மின்னோட்டமாகி, மீண்டும் மாறு மின்னோட்டமாகிக் கணிப்பொறியை அடைகின்றது. ஆதலின் மாறுதற்கு இடைவெளி என்பதே இல்லை.

இடைவெளி என்றது எத்துணைப் பொழுது? ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கினால், முதலிரண்டு வகையும் மாறுதற்கு அவற்றுள் 4 முதல் 10 கூறு வரை எடுத்துக்கொள்கின்றன. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைவது. ஓர் அலைக்கு ஆகும் பொழுதே 20 கூறு. கணிப்பொறியின் உள்ளே கடைக்காரர் எஸ்.எம்.பி.எஸ். என்று வழங்கும் மின்பெட்டி ஒன்றுண்டு. நல்லதொரு மின்பெட்டி, மின்சாரம் அறவே நின்றாலும், தன்னிடம் தேங்கிய ஆற்றலைக்கொண்டு சுமார் 16 கூறு வரை தாங்கும். ஆகவே வீட்டுக் கணிப்பொறிக்கு அவ்விடைவெளி ஊறு செய்வதில்லை. ஆன்லைன் வகை மருத்துவக் கருவிகளுக்கும் பெரிய அலுவலகங்களின் கணிப்பொறிகளுக்கும் ஏற்றது. வீட்டில் அதன் விலையும், வெப்பமும், ஓயாது சுழலும் விசிறியின் ஓசையும் வீண் சுமையே. மாலை நேரத்தில் விளக்கு மங்கும் ஊர்களில் வாழ்வோர்க்கு லைன் இன்டராக்டிவ் வகையே தக்கது என்பது என் துணிபு. ஆஃப்லைன் வகை அத்தகைய ஊர்களில் அடிக்கடி பாட்டரிக்கு மாறி மாறி அதன் ஆயுளைக் குறைத்துக்கொள்ளும்.

அளவறிதல்

இனி, வாங்குவோர் பெரிதும் ஏமாறும் இடம் இதுவே. பெட்டியின்மேல் 600 வி.ஏ. என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதன் பக்கத்திலோ பின்புறத்திலோ சிறிய எழுத்தில் 360 வாட் என்று காணப்படும். முன்னது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிய தொகை; பின்னதே மெய்யாகத் தொழில் செய்யும் ஆற்றலின் அளவு. ஒரு மரக்கால் நெல் ஒரு மரக்கால் அரிசி ஆகாது என்பதை நாம் அறிவோம். வி.ஏ. என்பது நெல், வாட் என்பது அரிசி. சோறு எத்தனை பேர்க்கு ஆகும் என்று அரிசியைக்கொண்டே கணக்கிடுவது போல, இங்கும் வாட்டைக்கொண்டே கணக்கிடுதல் வேண்டும். இதனை அறியாது, யான் அன்று பெரிய எண்ணைக் கண்டு மயங்கிய கூட்டத்தில் ஒருவனாயிருந்தேன்.

நம் கணிப்பொறிக்கு எத்தனை வாட் வேண்டும்? அதன் மின்பெட்டியின்மேல் 450 வாட் என்று எழுதியிருப்பின், அஃது அப்பெட்டி தரக்கூடிய உச்ச எல்லையேயன்றி எப்போதும் செலவாகும் அளவன்று. எழுதவும் படிக்கவும் பயன்படும் சாதாரண மேசைக் கணிப்பொறி சுமார் 90 வாட், திரை 25 வாட், இணையத்திற்கான ரௌட்டர் 10 வாட் என்று கொண்டால், மொத்தம் 125 வாட். 360 வாட் கருவிக்கு இது மூன்றில் ஒரு பங்கே. விளையாட்டுக்கும் படக்கலைக்கும் உரிய தனி வரைகலை அட்டை பூட்டிய கணிப்பொறியோ 300 வாட்டையும் கடக்கும். அதற்கு இதனினும் பெரிய கருவி வேண்டும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பதை இங்கும் நினைவிற் கொள்க. ஐயமுற்றோர் சுவர்ச் செருகியில் மாட்டி வாட்டை அளந்து காட்டும் சிறு மானி ஒன்றை இரவல் பெற்றேனும் அளந்து பார்த்தல் நன்று.

ஓர் எச்சரிக்கை. லேசர் அச்சுப்பொறியை ஒருபோதும் யூ.பி.எஸ்.-இன் பாட்டரித் துளைகளில் மாட்டற்க. தாளில் மையைப் பதிக்க அது தன் உருளையைச் சூடேற்றும்பொழுது பல நூறு வாட்டுகளை ஒரே மூச்சில் இழுக்கும். கருவி தாங்காது அணைந்துவிடும்.

எத்தனை நிமிஷம்?

சிறிய கருவிகளில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பாட்டரி. இவ்விரண்டையும் பெருக்க 84 வாட்-மணி என்று வரும். 125 வாட் செலவுக்கு இது நாற்பது நிமிஷம் வருமே என்று கணக்கில் வல்ல மாணவர் உடனே கூறுவர். கணக்குப் பிழையன்று, ஆயினும் பாட்டரி அக்கணக்கிற்கு உடன்படுவதில்லை. 7 ஆம்பியர்-மணி என்னும் அளவு, இருபது மணி நேரம் சிறிது சிறிதாகச் செலவிடும்பொழுது கிடைப்பது. மெல்ல நடக்கவிட்டால் பத்துக் கல் செல்லும் வண்டிமாடு, விரட்டி ஓட்டினால் மூன்று கல்லில் நுரை தள்ளி நின்றுவிடுமன்றோ? பாட்டரியும் அவ்வாறே. அன்றியும், நேர் மின்னோட்டத்தை மாறு மின்னோட்டமாக்கும்பொழுது ஐந்தில் ஒரு பங்கு போல வெப்பமாய்க் கழிகின்றது. இவையெல்லாம் போக, புதிய பாட்டரியில் மெய்யாகக் கிடைப்பது பத்து நிமிஷம் அளவே. நமக்கு வேண்டியதும் அதுவே என்று மேலே கண்டோம். அதே பாட்டரி பாதி நலிந்தபின் மூன்று நான்கு நிமிஷமே தரும்.

அந்நேரத்தில் நாம் அருகில் இல்லையாயின் என் செய்வது? சில கருவிகளில் யூ.எஸ்.பி. கம்பி ஒன்றை மாட்ட இடமுண்டு. அதன் வழியே பாட்டரி தீரப்போவதைக் கணிப்பொறி அறிந்து தானே முறையாக அணைந்துகொள்ளும். விலை சிறிது மிகுந்தாலும் இவ்வசதி உள்ளதையே தெரிந்தெடுத்தல் நலம்.

அலையின் வடிவம்

மின்வாரியம் தரும் மின்சாரம் ஆற்று மணலில் காற்று வரைந்த வரிகளைப் போல மென்மையாக ஏறி இறங்கும் அலை. விலை குறைந்த யூ.பி.எஸ். பாட்டரியில் இயங்கும்பொழுது தருவது படிக்கட்டைப் போன்ற அலை. பெரும்பாலான மின்பெட்டிகள் இதனை ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஏ.பி.எஃப்.சி. என்று குறிக்கப்பட்ட உயர்தர மின்பெட்டிகளுள் சில, படிக்கட்டு அலை வந்தவுடன் இயங்க மறுத்து அணைந்துவிடுவதுண்டு. அத்தகைய மின்பெட்டி உடையோர் தூய சைன் அலை தரும் கருவியையே வாங்குதல் வேண்டும். இல்லையேல், காப்பாற்றுதற்கு வாங்கிய கருவியே கைவிட்டதாக முடியும்.

இன்வெர்ட்டர் உள்ள இல்லங்கள்

விளக்குக்கும் விசிறிக்கும் பெரிய பாட்டரியோடு இன்வெர்ட்டர் வைத்திருக்கும் இல்லங்கள் நம் நாட்டில் பல. மணிக்கணக்காய் வேலை நடக்க வேண்டுவோர்க்கு உரிய வழி இதுவே. ஆனால் சாதாரண நிலையில் இன்வெர்ட்டர் மாறுதற்குச் சற்று அதிகப் பொழுது எடுப்பதால் கணிப்பொறி அணைந்து மீண்டும் தொடங்க நேரிடும். பல இன்வெர்ட்டர்களின் பின்புறத்தில் யூ.பி.எஸ். என்று குறித்த சிறு விசை ஒன்றுண்டு. அதனைத் தள்ளிவைத்தால் மாற்றம் விரைவாகும். பலர் அவ்விசை இருப்பதையே அறியாது மற்றொரு கருவி வாங்கப் புறப்படுகின்றனர். மேலும், சதுர அலை தரும் பழைய இன்வெர்ட்டரின் பின்னால் யூ.பி.எஸ். ஒன்றை மாட்டினால், அது வரும் அலையைத் தகுதியற்றதென்று ஒதுக்கித் தன் பாட்டரியையே செலவிட்டுத் தீர்த்துவிடவும் கூடும்.

மடிக்கணினி உடையோர்க்கு யூ.பி.எஸ். தேவையில்லை, அதனுள்ளேயே பாட்டரி இருக்கின்றது. அவர்க்கு இணையம் அறாதிருத்தலே வேண்டுவது. ரௌட்டருக்கென்று 12 வோல்ட் தரும் கையளவுப் பெட்டிகள் இக்காலத்திற் கிடைக்கின்றன. அதுவே அவர்க்குப் போதும்.

பேணும் முறை

எத்துணை ஆராய்ந்து வாங்கினும், பேணாது விட்டால் பயனில்லை. ஈயப் பாட்டரிக்கு வெப்பமே கூற்றுவன். 25 பாகை வெப்பநிலையில் ஐந்தாண்டு வாழ வல்ல பாட்டரி, அதனினும் 10 பாகை மிகுந்த இடத்தில் ஏறத்தாழ அதிற்பாதிக் காலமே வாழும் என்பது தொழில் வல்லார் கணக்கு. நம் ஊர்க் கோடையில் வீட்டறை 35 பாகையைத் தாண்டுவது புதுமையன்று. அதன்மேல் துணியுறையும் போர்த்தினால் என்னாகும் என்பதற்கு என் தமக்கையின் வீடே சான்று. தூசியைத் துடைக்கலாம், காற்றை அடைக்கலாகாது. சாளரத்து வெயிலும், அடைத்த அலமாரியும், சமையலறைச் சுவரும் ஆகா.

மூன்று மாதத்திற்கு ஒருமுறை சோதனை செய்க. திறந்த கோப்புகளைச் சேமித்து மூடியபின், சுவரிலுள்ள விசையை அணைத்துக் கணிப்பொறி எத்தனை நிமிஷம் தாங்குகின்றது என்று கடிகாரத்தைக்கொண்டு காண்க. செருகியைப் பிடுங்கினால் நிலத்தொடர்பும் அறுபடுமாதலின் விசையை அணைத்தலே முறை. நிமிஷக் கணக்கைக் கருவியின்மேல் ஒட்டிய தாளில் நாளோடு குறித்து வருக. முதலில் கிடைத்த நிமிஷத்தில் பாதியாகக் குறைந்தால் பாட்டரியை மாற்றும் காலம் வந்ததென்று அறிக. மின்சாரம் இருக்கும்பொழுதே கருவி இடையிடையே ஒலித்தாலும் அதுவே பொருள். பாட்டரியை மட்டும் மாற்ற ஆகும் செலவு கருவியின் விலையில் ஒரு பகுதியே. மாற்றும்பொழுது பாட்டரியின்மேல் பொறித்த உற்பத்தி நாளைப் பார்த்து வாங்குக. நெடுநாள் கடையில் கிடந்தது மின்னேற்றம் இழந்து உள்ளேயே நலிந்திருக்கும்.

பழைய பாட்டரியைக் குப்பையில் எறியற்க. ஈயம் மண்ணையும் நீரையும் நஞ்சாக்கும்; சிறுவர்க்குப் பெருந்தீங்கு விளைக்கும். 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகளும் அவ்வாறு எறிவதற்கு இடந்தரவில்லை. விற்பவரிடமே திருப்பிக் கொடுத்தல் எளிது. புதியதன் விலையில் சிறிது கழிவும் கிடைக்கும்.

இன்னுமொன்று. யூ.பி.எஸ். மின்சாரம் நிற்பதினின்று காக்குமேயன்றி, வட்டு பழுதாவதினின்றும், கள்வர் கவர்வதினின்றும், நம் கையே தவறி அழிப்பதினின்றும் காவாது. நேரடி இடியையும் அது தாங்காது. இடி மின்னற் காலத்தில் செருகியைக் கழற்றி வைத்தலே காப்பு. ஆதலின் எழுதியதை அடிக்கடி சேமித்தலும், வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்தலும், கடைசி நாள் வரை காத்திராமையும் எக்கருவியினும் சிறந்த காவலாகும்.

முடிவுரை

கூறியவற்றைத் தொகுத்துரைப்பின், வாட்டைக் கணக்கிடுக, பத்து நிமிஷத்தையே நாடுக, மின்பெட்டிக்கு ஏற்ற அலையைத் தேர்க, காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க, காலந்தோறும் சோதிக்க. இவ்வைந்தனுள் கடையாகியதே தலையாயது. சோதிக்கப்படாத காவலன் இருப்பதினும் காவலனே இல்லாதிருத்தல் நன்று. இல்லாதவன் விழிப்பாயிருப்பான், உண்டென்று நம்பியவனோ உறங்கிவிடுவான்.

என் தமக்கை மகன் அவ்வாண்டை இழந்து, மறு ஆண்டில் மீண்டும் விண்ணப்பித்து, அதனைப் பெற்றான். இன்று வெளியூரில் பணிபுரிகின்றான். சென்ற முறை அவன் இல்லம் சென்றபோது மேசையடியில் ஒரு யூ.பி.எஸ். உறையின்றி இருந்தது. அதன்மேல் ஒட்டிய தாளில் நாளும் நிமிஷமும் வரிசையாய் எழுதப்பட்டிருந்தன. அதனைப் பற்றி அவனும் ஒன்றும் கூறவில்லை. யானும் ஒன்றும் கேட்கவில்லை. நம் மாணவர் அப்பாடத்தை அவன் கொடுத்த விலை கொடாமலே கற்றுக்கொள்வார்களாக.